யாரையும் பின்னால் விட்டுச் செல்லாத பயணம்

ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூடும் மிதிவண்டிக் குழுவும், அதில் இணைந்த நம் நோயாளிகளும்

இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது, உப்பை எவ்வளவு குறைப்பது, மாடிப்படி ஏறலாமா, வேலைக்கு எப்போது செல்லலாம் என்பன அவை. இவற்றுக்கெல்லாம் விடை சொல்லக் கையேடுகள் உள்ளன. ஓரிரு மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போதுதான் மற்றொரு கேள்வி தயங்கித் தயங்கி வெளிப்படுகிறது: "தனியாக வெளியே போகவே பயமாக இருக்கிறது, டாக்டர். என்ன செய்வது?"

இந்த அச்சம் நோயாளிக்கு மட்டும் உரியதன்று. குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று மனைவி சொல்கிறார். அலுவலகத்திலிருந்து மகள் மணிக்கொரு முறை தொலைபேசியில் அழைக்கிறார். தினமும் அரை மணி நேரம் நடக்குமாறு நாங்கள் எழுதிக்கொடுத்த அறிவுரை இரண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. பிறகு ஒரு மழை, ஒரு திருமணம், ஒரு காய்ச்சல் என்று தடைகள் வர, நடை நின்றுவிடுகிறது. மருந்தை நிறுத்தியவரை இரத்தப் பரிசோதனை பலவேளைகளில் காட்டிக்கொடுத்துவிடும். நடையை நிறுத்தியவரை அவ்வளவு எளிதில் கண்டறிய இயலாது.

நம் மருத்துவமனைக்கு வரும் சிலர் இதற்கு ஒரு விடையைத் தாமே கண்டுள்ளனர். திருவான்மியூரிலிருந்து ஞாயிறுதோறும் புறப்படும் மிதிவண்டிக் குழு ஒன்றில் அவர்கள் இணைந்துள்ளனர். நாங்களும் சில ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுடன் சென்றோம். கண்டதையும் கேட்டதையும், மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் கூறியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஐந்து மணிக்கு ஒரு கூட்டம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் குழு கூடுகிறது. அந்நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. சாலையில் வண்டிகள் குறைவு, வெயில் இல்லை, கடற்காற்று இன்னும் வலுப்பெற்றிருக்காது. புறப்படும் முன் ஒவ்வொருவரும் தம் மிதிவண்டியின் இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்க்கின்றனர். டயரில் காற்று போதுமா என்று விரலால் அமுக்கிப் பார்க்கின்றனர். முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்று அடுத்தவரிடம் கேட்டுக்கொள்கின்றனர். தலைக்கவசம் இல்லாதவர் எவ்வளவு நெருங்கிய நண்பராயினும் அன்றைய பயணத்தில் சேர்க்கப்படுவதில்லை.

முன்னே ஒருவர் வழிகாட்டிச் செல்கிறார். எல்லாருக்கும் பின்னால் வருபவரைக் குழுவினர் 'ஸ்வீப்' என்று அழைக்கின்றனர். கடைக்காவலர் என்று நாம் சொல்லலாம். அவர் தமக்கு முன்னால் செல்லும் எவரையும் முந்தக் கூடாது. ஒருவர் சங்கிலி கழன்று நின்றால் அவரும் நிற்பார். ஒருவர் மூச்சு வாங்கி இறங்கினால் அவரும் இறங்குவார். முன்னே செல்வோர் அடுத்த சந்திப்பில் காத்திருப்பர். குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் அன்று வந்தவர்களுள் மிக மெதுவாகச் செல்பவரே. யாரையும் பின்னால் விட்டுச் செல்வதில்லை என்பதே இக்குழுவின் முதல் விதி.

சாலையில் இவர்களுக்கென ஒரு மொழியும் உண்டு. முன்னால் செல்பவர் கையைத் தாழ்த்திச் சுட்டினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று பொருள். "பின்னால் வண்டி!" என்று கடைக்காவலர் குரல் கொடுத்தால் அச்சொல் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குத் தாவி முன்னேறும், அனைவரும் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுவர். தன் கண்ணுக்கு எட்டாததைப் பிறர் கண் பார்த்துச் சொல்லும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வரிசை நகர்கிறது.

புதிதாக வருபவர் கொட்டிவாக்கம், பாலவாக்கம் கடந்து நீலாங்கரை வரை சென்று திரும்பினால் போதும். போக வரச் சுமார் 10 கிலோமீட்டர். சில மாதங்கள் பழகியவர்கள் உத்தண்டி சுங்கச்சாவடி வரையும், இன்னும் பழகியவர்கள் முட்டுக்காட்டுப் பாலம் வரையும் செல்கின்றனர். திரும்பும் வழியில் அனைவரும் ஒரே தேநீர்க் கடையில் கூடுகின்றனர். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மென்பொருள் துறையில் பணிபுரியும் இளைஞர், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்த ஆசிரியை, சர்க்கரை நோயோடு இருபது ஆண்டுகளாக வாழும் தையற்காரர் ஆகியோரை ஒரே பலகையில் நாங்கள் கண்டோம். எவரும் தம் நோயைப் பற்றிப் பேசவில்லை. பங்சர் ஒட்டுவதைப் பற்றியும், மகன் திருமணத்தைப் பற்றியும், அந்தக் கடையில் சர்க்கரையில்லாத் தேநீர் கேட்டால் கடைக்காரர் முகம் போகும் போக்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். "மருத்துவமனையில் நான் ஒரு கோப்பு எண். வீட்டில் நான் ஒரு கவலை. இங்கே மட்டும்தான் நான் நான்காவது சைக்கிள்" என்றார் அந்த ஆசிரியை.

பேச்சே அளவுகோல்

எவ்வளவு வேகமாகச் செல்லலாம் என்பது நோயாளிகள் அனைவரும் கேட்கும் கேள்வி. கையில் கட்டும் கருவிகள் இதயத் துடிப்பை எண்ணிக் காட்டுகின்றன. ஆயினும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோருக்கு உழைப்பின்போதும் துடிப்பு அதிகம் ஏறாது. எனவே எண்ணிக்கையை மட்டும் நம்பினால் உடலின் உண்மையான சிரமம் தெரியாமற்போகும்.

அதைவிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மிதிக்கும்போது முழு வாக்கியங்களாகப் பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றே விரைந்திருக்கலாம். இதுவே மிதமான உடற்பயிற்சியின் அடையாளம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். தனியாகச் செல்பவர் இதைத் தம்மீது சோதித்துக்கொள்வது அரிது. பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டு வந்தாலோ சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. குழுவினர் பொழுதுபோக்காகக் கருதும் உரையாடல், மருத்துவ நோக்கில், ஓயாது இயங்கும் ஓர் அளவுகருவி.

மெதுவாகச் செல்வதால் பயன் குறையுமோ என்ற ஐயம் வேண்டாம். சமதளச் சாலையில் வேகம் ஏற ஏற, மிதிப்பவர் எதிர்த்து நிற்க வேண்டியது பெரும்பாலும் காற்றையே. காற்றைத் தள்ளுவதற்கு வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது. அதாவது, வேகத்தை இரு மடங்காக்கினால் அவ்வாற்றல் எட்டு மடங்காகிறது. மணிக்கு 12 கிலோமீட்டரில் இதமாகச் செல்பவர் 24 கிலோமீட்டருக்குத் தாவும்போது இதயத்தின்மீது ஏற்றும் சுமை அவர் நினைப்பதைக் காட்டிலும் மிகப் பெரிது. போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவர் ஒட்டிச் செல்வது, முன்னவர் காற்றைப் பிளக்கும் நிழலில் தம் ஆற்றலைச் சேமிக்கத்தான். நம் நோயாளிகளுக்கு அந்த உத்தி வேண்டியதில்லை. முன்னவரிடமிருந்து போதிய இடைவெளி விட்டுச் செல்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட நோயுள்ளோர் உட்பட வயதுவந்தோர் அனைவரும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்கிறது. ஞாயிறு காலைப் பயணம் அதில் ஒரு பகுதியையே நிறைவேற்றும். ஆனால், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுடன் ஈடுகொடுத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணமே மற்ற நாள்களில் தம்மை நடக்க வைக்கிறது என்று பலர் எங்களிடம் கூறினர்.

படுக்கையிலிருந்து சாலைக்கு

மாரடைப்புக்குப் பின் உடலை அசைக்கலாம் என்பதே ஒரு காலத்தில் துணிச்சலான கருத்தாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவர்கள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். 1955-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, பாஸ்டன் நகரிலிருந்து அழைக்கப்பட்ட இதயநோய் மருத்துவர் பால் டட்லி ஒயிட், படிப்படியான உடலுழைப்பை வலியுறுத்தியவர்களுள் ஒருவர். அதிபர் தம் பணிக்குத் திரும்பியதோடு 1956-இல் மீண்டும் தேர்தலில் வென்றார். டாக்டர் ஒயிட் தாமே மிதிவண்டி ஓட்டியவர். ஊர்கள் மிதிவண்டிப் பாதைகள் அமைக்க வேண்டும் என்று இடைவிடாது பேசியவர். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையில் உள்ள மிதிவண்டிப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குழுவாக மிதிப்பதன் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சேர்த்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர்த் தெருவில் ஒரு பெண் தனியாக மிதித்தால் ஏளனச் சொற்கள் எழுந்திருக்கும். பல்லாயிரம் பெண்கள் சேர்ந்து மிதித்தபோது அச்சொற்களுக்கு இடமில்லாமற் போயிற்று. தனியொருவரால் தாங்க இயலாத பார்வையை ஒரு கூட்டம் தாங்கிக்கொள்கிறது. "இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு இது தேவையா?" என்ற பார்வையும் அத்தகையதே.

பேச்சு நின்ற இடம்

இரண்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 58 வயதுக்காரர் ஒருவர் இக்குழுவில் இருக்கிறார். அவர் சேர்ந்த முதல் மூன்று வாரங்களும் அவருடைய மனைவி ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். நான்காவது வாரம் கடைக்காவலர் அந்த அம்மையாரிடம் சென்று, "நீங்கள் தேநீர்க் கடையில் இருங்கள், அம்மா. இவருக்குப் பின்னால் நான் வருகிறேன்" என்றார். அன்றுமுதல் அவ்வாறே நடந்தது.

சில மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிறு, பனையூரைக் கடந்ததும் அவர் பேச்சு குறைந்தது. வழக்கமாகக் கிரிக்கெட் பற்றி ஓயாது பேசுபவர் அவர். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொன்னார். பிறகு அதுவும் இல்லை. கடைக்காவலர் அவரை நிற்கச் சொன்னார். "ஒன்றுமில்லை, வாயுத் தொல்லை. திரும்பிப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும்" என்று அவர் மறுத்தார். நெற்றி வியர்த்திருந்தது, இடது தாடை இறுகுவதுபோல் இருப்பதாகப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

குழுவினர் அவரை மிதிவண்டியில் ஏற விடவில்லை. நிழலான இடத்தில் அமர வைத்தனர். மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையை அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்து நாவின் அடியில் வைக்கச் செய்தனர். ஒருவர் 108-ஐ அழைத்தார். மற்றொருவர் சாலையோரம் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டக் காத்திருந்தார். மூன்றாமவர் தேநீர்க் கடையில் இருந்த மனைவியை நேரில் சென்று அழைத்து வந்தார். அவருக்கு இச்செய்தியைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம் என்று குழுவினர் முடிவு செய்திருந்தனர். பரிசோதனையில், முன்பு சிகிச்சை செய்யப்படாத வேறொரு இரத்தக் குழாயில் புதிய அடைப்பு தெரிந்தது. உரிய நேரத்தில் அது நீக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை அச்சமூட்டுவதற்காக எழுதவில்லை. அன்று அவர் வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் அந்த அடைப்பு இருந்திருக்கும். வாயுத் தொல்லை என்று சொல்லிப் படுத்திருக்கவும் கூடும். அவருடைய பேச்சு எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர் அருகில் இருந்தார் என்பதே அன்று அவருக்குக் கிடைத்த நன்மை. நிகழ்ச்சிக்குப் பின் குழுவினர் நம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து முதலுதவி கற்றனர். நினைவிழந்து மூச்சும் நின்றவரின் மார்பு நடுவே, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தும் முறையை இப்போது அவர்களுள் பெரும்பாலோர் அறிவர். அவரும் மருத்துவர் ஒப்புதலோடு, மறுவாழ்வுப் பயிற்சியை முடித்துக் குழுவுக்குத் திரும்பியுள்ளார்; தற்போதைக்கு நீலாங்கரை வரை.

சேர்வதற்கு முன்

இக்கட்டுரையைப் படித்ததும் மிதிவண்டியைத் துடைத்து வைக்க எண்ணும் வாசகர்கள், முதலில் தம் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். பொதுவாக நாங்கள் கூறுவன இவை:

• இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு முழுமையாகக் கூடும்வரை சாலையில் மிதிவண்டி ஓட்டலாகாது. பெரும்பாலோருக்கு இது ஏறத்தாழ மூன்று மாதமாகும். அதற்கு முன் மறுவாழ்வுப் பிரிவில் நிலையான மிதிவண்டியில் பயிற்சி பெறலாம்.

• இன்சுலின் அல்லது சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்வோர் புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் செல்லலாகாது. குளுக்கோஸ் பொடியோ மிட்டாயோ பையில் இருக்கட்டும். கைநடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி தோன்றினால் உடனே நின்று அதை உண்ண வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது ஆபத்தின் தொடக்கம்.

• இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

• புற்றுநோய்ச் சிகிச்சையாலோ சர்க்கரை நோயாலோ கை கால்களில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள், பிரேக்கை உறுதியாகப் பிடிக்க முடிகிறதா என்று இயன்முறை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவரின் தெளிவான அனுமதியின்றிச் சாலைக்கு வரலாகாது.

• மூட்டுவலி உள்ளவர்களுக்கு இருக்கையின் உயரம் முக்கியம். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த இருக்கை மூட்டுக்குச் சுமை.

• முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் மிக மெதுவாக மிதிக்கவும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் வரலாம்.

• பெயர், நோய், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்று உடன் வருபவருக்கும் சொல்லி வைக்கவும்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், சீரற்ற படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நிற்க வேண்டும். உடன் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். வீடு வரை மிதித்துப் போய்விடலாம் என்று எண்ணலாகாது.

எல்லாக் குழுக்களும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் கூற வேண்டும். நேரத்தையும் வேகத்தையும் கைப்பேசிச் செயலிகளில் பதிவிட்டு ஒருவரையொருவர் முந்த முயலும் குழுக்களும் உண்டு. உடல் வலிமை உள்ளவர்களுக்கு அது இன்பமே. நோயிலிருந்து மீள்பவருக்கு அது ஏற்றதன்று. சேரும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "கடைசியில் வருபவருக்காக யார் நிற்பார்?" "பாதியில் திரும்ப விரும்பினால் யார் உடன் வருவார்?" இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத குழு உங்களுக்கு உரியதன்று.

குடும்பத்தினருக்கு

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் உடல்நலத்தை எவரும் எளிதில் கேட்பதில்லை. முதுகுவலி, உறக்கமின்மை, உயர்ந்துவரும் இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு அவர்கள் நாள்களைக் கடத்துகின்றனர். முன்னே குறிப்பிட்ட அம்மையார் தேநீர்க் கடையில் காத்திருந்த நாள்களில், அங்கே காத்திருந்த மற்ற இரு பெண்களோடு பழகினார். கணவர்மாரின் மருந்துப் பட்டியலில் தொடங்கிய பேச்சு மெல்ல வேறு திசைகளில் சென்றது. இப்போது அம்மூவரும் தமக்கென மிதிவண்டிகள் வாங்கியுள்ளனர். அம்மையாருக்கு 53 வயது. இதற்கு முன் மிதிவண்டியைத் தொட்டதில்லை. காலியான ஒரு விளையாட்டுத் திடலில் குழுவின் இளைஞர் ஒருவர் இருக்கையைத் தாழ்த்தி, மிதிகளைக் கழற்றிவிட்டு, முதலில் கால்களால் தரையைத் தள்ளிச் சமநிலை பழகக் கற்றுக்கொடுத்தார். ஆறு வாரத்தில் அவர் மிதிக்கத் தொடங்கினார்.

மிதிக்க இயலாதவர்களுக்கும் குழுவில் இடம் உண்டு. சமநிலை தவறுவோர் மூன்று சக்கர வண்டியில் வருகின்றனர். பார்வை குறைந்த ஒருவர் இருவர் மிதிக்கும் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து வருகிறார். மருத்துவமனையில் ஓர் உறுப்பினர் சேர்க்கப்பட்டால் இரவுத் துணைக்கு முறைவைத்து இருவர் வருகின்றனர்; அதனால் வீட்டாருக்கு ஓர் இரவு உறக்கம் கிடைக்கிறது.

மிதிவண்டி எல்லாருக்கும் ஏற்றது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உங்களுக்கு அது ஒரு நடைக் குழுவாக இருக்கலாம். பூங்காவில் கூடும் யோகா வகுப்பாக இருக்கலாம். தெருவிலுள்ள இரண்டு நண்பர்களாக இருக்கலாம். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் இருப்பது, மாத்திரைப் பெட்டிக்கு அடுத்தபடியாக, மீள்வதற்குத் துணைசெய்யும். அடுத்த மறுபரிசோதனையின்போது உங்கள் மருத்துவரிடமோ மறுவாழ்வுப் பிரிவிலோ இதைப் பற்றிக் கேளுங்கள். எந்த அளவு, எந்த வேகம், எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் உடல்நிலைக்கு ஏற்ப அவர்கள் எழுதித் தருவர். அந்தச் சீட்டைப் பார்க்க உங்கள் குடும்பத்தினரையும் உடன் அழைத்து வாருங்கள்.